பழைய கதவு, ஜன்னலுக்குப் புது எனாமல் அடிக்கும் முன்

எனாமல் உரிகிற கதவைக் கண்டதும் பெயிண்ட் டப்பாவைத்தான் முதலில் குறை சொல்வோம். அதற்கு முன், தொங்கிக்கொண்டிருக்கும் செதில் ஒன்றை நகத்தால் பெயர்த்து, திருப்பி அதன் முதுகைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மெல்லிய மரநார் ஒட்டி வந்திருந்தால், வெயிலில் செத்துப்போன மரத்தோலின் மேலேயே போன தடவை அடித்திருக்கிறார்கள். முதுகு கண்ணாடிபோல வழவழவென்று இருந்தால், அடியில் இருந்த பளபளப்பைத் தேய்க்காமல் அடித்திருக்கிறார்கள். விரலில் பிசுக்கு ஒட்டினால், எண்ணெய் போகக் கழுவவில்லை. வெள்ளை மாவு உதிர்ந்தால், அடியில் சுவருக்குப் போடுகிற பட்டி இருக்கிறது. எந்த இடத்தில் எது வருகிறது என்று சாக்பீஸால் கதவிலேயே குறித்துக்கொள்ளுங்கள். இனி செய்யப்போகும் வேலை முழுவதும் அந்தக் குறிகளைப் பொறுத்தது.

எல்லாவற்றையும் வெறும் மரம் தெரியும்வரை சுரண்டித் தள்ள வேண்டியதில்லை. இருபது வருடம் வெயிலையும் மழையையும் பார்த்துவிட்டு இன்னும் இறுகப் பிடித்திருக்கும் பழைய எனாமலைவிட நல்ல அடித்தளத்தை எந்தப் புதுப் பிரைமரும் தராது. எது நிற்கும், எது நிற்காது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இதில் வேலை. நிற்காததன் மேல் எவ்வளவு விலையுயர்ந்த பெயிண்டை அடித்தாலும், அது பழைய செதிலையும் சேர்த்து இழுத்துக்கொண்டுதான் விழும்.

முதலில் ஈயம்

வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016-ல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமல் எதுவானாலும் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை நிறங்களில் கூடுதல் கவனம் வேண்டும். பளிச்சென்ற அந்த மஞ்சளைக் கொடுத்தது லெட் குரோமேட் என்ற ஈய நிறமி. அதோடு நீலம் கலந்துதான் பச்சை செய்தார்கள். ஊர்ப்பக்கம் ஜன்னலுக்கும் வாசல் கதவுக்கும் அடித்திருக்கும் அந்தப் பழைய பச்சையைச் சந்தேகத்தோடுதான் தொட வேண்டும்.

ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல அதற்கு ஓர் அளவு கிடையாது. ஆகவே பழைய எனாமலை உலர்ந்த நிலையில் மெஷின் வைத்துத் தேய்க்காதீர்கள். தீ ஊதிக் கருக்கி எடுக்கவும் வேண்டாம், புகையோடு ஈயமும் வரும். வேலை நடக்கும் இடத்தில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருக்கக் கூடாது. முகத்தில் துண்டு கட்டிக்கொள்வது போதாது, அந்தத் தூள் துணியின் இழைக்குள் புகுந்து வரும். என்-95 முகக்கவசத்தை மூக்கோடு பொருந்தும்படி போடுங்கள். கீழே கனமான பிளாஸ்டிக் ஷீட் விரித்து, விழும் செதிலையெல்லாம் அதிலேயே சேர்த்துச் சுருட்டிக் கட்டுங்கள். துடைப்பத்தால் பெருக்கினால் தூள் வீடு முழுக்கப் பறக்கும், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். சுரண்டியதைக் கிணற்றடியிலோ கீரைப் பாத்திக்குப் பக்கத்திலோ கொட்டக் கூடாது, எரிக்கவும் கூடாது. வேலைக்கு உடுத்திய துணியைத் தனியாகத் துவையுங்கள்.

எந்த மாதத்தில்

பெரும்பாலான வீடுகளில் தீபாவளிக்கு முன்தான் பெயிண்ட் வேலை எடுக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குகிற நேரம் அது. மரம் ஈரம் குடித்து உப்பியிருக்கும்; அதன் மேல் எனாமலைப் போட்டு மூடினால், வெயில் வந்ததும் உள்ளே இருக்கும் ஈரம் கொப்புளமாகக் கிளம்பும். மாசியிலிருந்து ஆனி வரை நல்ல காலம். பொங்கலுக்குள் முடித்தே ஆக வேண்டுமென்றால், மார்கழிப் பனி உலர்ந்து காலை பத்து மணிக்கு மேல் தொடங்கி, மூன்று மணிக்குள் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிடுங்கள். மரத்தில் ஈரம் இருக்கிறதா என்று தெரியாவிட்டால், சுரண்டிய இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பாலித்தீன் துண்டை வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி ஓர் இரவு விடுங்கள். காலையில் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் அந்தக் கதவு இன்னும் காய வேண்டும்.

கதவைக் கழற்றுங்கள்

நின்ற நிலையிலேயே அடித்துவிடலாம் என்பது தப்புக் கணக்கு. கதவின் உச்சி விளிம்பும் அடி விளிம்பும் மர நாரின் வெட்டுவாய்கள். ஒரு கட்டு வைக்கோலை நிறுத்தி வைத்தால் தண்ணீரை எப்படி உறிஞ்சுமோ, அப்படி அந்த முனைகள் உறிஞ்சும். வீடு கழுவும்போதெல்லாம் அடி விளிம்பு நனைகிறது. நிலையிலேயே தொங்கும் கதவில் அங்கே பிரஷ் போகாது. அதனால்தான் எந்தப் பழைய கதவைப் பார்த்தாலும் கீழிருந்து ஒரு சாண் உயரத்துக்கு உரிந்திருக்கும். மேலே என்ன செய்தும் பயனில்லை, அந்த விளிம்பை மூடாதவரை.

கீலைக் கழற்றும் முன், எந்தக் கீல் எந்த இடம் என்று அதன் அடியிலும் மரத்திலும் ஒரே எண்ணைக் கீறி வையுங்கள். திருகாணித் தலைக்குள் பெயிண்ட் அடைத்திருந்தால் உடைந்த ஹேக்சா பிளேடால் பள்ளத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, முதலில் ஒரு மயிரிழை இறுக்கும் பக்கமே திருப்புங்கள். பிடிப்பு விட்டதும் பிறகு கழற்றுங்கள். பித்தளைக் கீலையும் தாழ்ப்பாளையும் சலவை சோடா கலந்த கொதிநீரில் அரைமணி நேரம் போட்டால் பெயிண்ட் தோலாக உரிந்து வரும். அலுமினியத் தாழ்ப்பாளை அதில் போடாதீர்கள், கறுத்து அரித்துப்போகும். அந்தப் பாத்திரத்தையும் மறுபடி சமையலுக்கு எடுக்கக் கூடாது.

தேய்க்கும் முன் கழுவுதல்

வரிசை மாறக் கூடாது. பிசுக்கோடு இருக்கும் கதவை உப்புத்தாளால் தேய்த்தால் எண்ணெயெல்லாம் தாள் போட்ட கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு எதற்கும் வராது.

ஒரு லிட்டர் வெந்நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி சலவை சோடா போதும். கையுறை போட்டுக்கொண்டு, ஸ்பாஞ்சால் கீழிருந்து மேலாகக் கழுவுங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் கீழே கோடு கோடாக ஓடிக் கறை பிடிக்கும். பின்பு நல்ல தண்ணீரில் இரண்டு தடவை துடைத்தெடுங்கள். மரத்தில் தங்கிய சோடா எனாமலின் எண்ணெயைச் சோப்பாக்கிவிடும். நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் ஜன்னலின் வெளிப்பக்கம் உப்பு படிந்திருக்கும். அங்கே நல்ல தண்ணீரை இன்னொரு தடவை கூட்டிக்கொள்ளுங்கள்.

வாசல் நிலைக்குத் தனி வைத்தியம் வேண்டும். வெள்ளிக்கு வெள்ளி மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த படியிலும் நிலைக்காலின் அடியிலும் ஒரு கெட்டிப் படலம் ஏறியிருக்கும். மாடத்து விளக்குக்குப் பக்கத்தில் எண்ணெயும் கரியும் சேர்ந்த கறுப்பு. இவற்றின் மேல் சோடாத் தண்ணீரை நேராக ஊற்றினால் மஞ்சள் சிவந்து பரவும். முதலில் மழுங்கிய பட்டித்தகடால் வழித்தெடுங்கள். பிறகு தின்னர் நனைத்த துணியால் துடையுங்கள். துணியை ஒவ்வொரு இழுப்புக்கும் மடித்து மடித்துச் சுத்தமான பக்கத்தையே காட்டுங்கள். ஒரே பக்கத்தால் துடைத்துக்கொண்டிருந்தால் எண்ணெயை அங்கிருந்து இங்கு நகர்த்துகிறோம், அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் சோடா. கழுவிய கதவு நிழலில் காற்றாட ஒரு நாள் காயட்டும்.

எது நிற்கும்

புதுப் பிளேடால் பெயிண்டின் மேல் மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் ஆறு கோடுகள், அவற்றுக்குக் குறுக்கே ஆறு கோடுகள், மரம் தொடும்வரை கீறுங்கள். இருபத்தைந்து சிறு கட்டங்கள் வரும். நல்ல பசையுள்ள டேப்பை அதன் மேல் அழுத்தித் தேய்த்து ஒட்டி, ஐந்து நிமிடத்துக்குள் ஒரே இழுப்பில் உரியுங்கள். கட்டங்கள் அப்படியே நின்றால் அந்தப் பகுதியைத் தேய்த்தாலே போதும். ஒன்றிரண்டு ஓரம் மட்டும் பிய்ந்தால், அதைச் சுற்றி ஒரு அடிக்குச் சுரண்டிப் பாருங்கள். கட்டம் கட்டமாக டேப்போடு வந்தால் அந்தப் பலகை முழுவதையும் உரிக்க வேண்டும். கதவின் நடுவில் ஒன்று, அடியில் ஒன்று, வெயில் படும் பக்கம் ஒன்று என்று குறைந்தது மூன்று இடத்தில் செய்யுங்கள். நடுவில் நன்றாக இருப்பது அடியில் இருக்காது.

மேல் கோட் எந்த வகை என்றும் பார்த்துவிடுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து அரை நிமிடம் தேய்த்தால், தண்ணீர் பெயிண்ட் இளகி நிறம் பஞ்சுக்கு ஏறும். எண்ணெய் எனாமல் அசையாது. பிசுபிசுவென்று பழுப்பாகக் கரைந்தால் அது அரக்குப் பாலிஷ்.

சோதனையில் தேறினாலும் உரித்தே ஆக வேண்டியவை சில உண்டு. முதலைத் தோல்போலக் கட்டம் கட்டமாக வெடித்த பெயிண்ட், கதவு நிலையில் சிக்குமளவுக்குத் தடித்த பெயிண்ட், செதுக்கு வேலையின் இதழும் நரம்பும் மூடிப்போன பெயிண்ட். கடைசி வகையில் ஒரு வார்த்தை. செட்டிநாட்டுப் பக்கத்துப் பழைய பர்மா தேக்குக் கதவுகளில் பாலிஷ் மேலேயே பின்னால் எனாமல் அடித்தது உண்டு. அப்படியொன்று உரிக்க உரிக்க நல்ல தேக்காக வந்தால், மறுபடி பெயிண்டை நினைக்காதீர்கள். பாலிஷுக்கு விடுங்கள்.

உரித்தல்

ஏற்கெனவே தூக்கியிருப்பதைச் சுரண்டியால் எடுக்கலாம். மேலே தண்ணீர் தெளித்துக்கொண்டு, நாரின் போக்கிலேயே, தன்பக்கமாக இழுங்கள். குறுக்கே போனால் மரத்தில் விழும் தழும்பு எனாமலின் பளபளப்பில் இரட்டிப்பாகத் தெரியும்.

இறுகியிருப்பதற்குப் பெயிண்ட் ரிமூவர். மெதிலீன் குளோரைடு கலந்தது வேகமாக வேலை செய்யும், ஆனால் அதன் ஆவி மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து. அது இல்லாத வகை மெதுவாகத்தான் வேலை செய்யும், வீட்டுக்கு அதுவே தகும். எந்த வகையானாலும் வெளியில், காற்றோட்டத்தில், கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். மெல்லிய ரப்பர் கையுறை அதில் இளகிக் கையோடு ஒட்டிவிடும். டப்பாவில் எந்தக் கையுறை என்று போட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள். பிரஷ்ஷால் ஒரே பக்கமாகத் தடிமனாகப் போட்டு, மேலே பாலித்தீன் ஷீட்டால் மூடுங்கள். திரும்பத் திரும்பப் பிரஷ் ஓட்டினால் மேலே உருவாகும் மெழுகுப் படலம் உடைந்து மருந்து பறந்துவிடும். பெயிண்ட் சுருங்கி எழும்பியதும் முனை மழுங்கிய பட்டித்தகடால் வழியுங்கள். செதுக்குகளுக்கு மூங்கில் குச்சியைச் சீவி வைத்துக்கொண்டால் மரம் காயப்படாது. இந்த மருந்தில் இருக்கும் மெழுகு மரத்தில் தங்கிவிடும். தின்னரால் இரண்டு தடவை துடைக்காவிட்டால் புதுப் பிரைமர் அந்த இடத்தில் பிடிக்காது.

மலிவாக முடியும் என்று காஸ்டிக் சோடாவைப் பூசுவார்கள். வேண்டாம். தேக்கு கறுக்கும், சட்டங்கள் ஒன்றோடொன்று சேரும் பூட்டுகளில் போட்ட பசை இளகும். நாருக்குள் இறங்கிய காஸ்டிக்கை எத்தனை வாளித் தண்ணீரும் முழுதாக வெளியே கொண்டுவராது. ஆறு மாதம் கழித்து மழையில் அது மேலே வந்து புது எனாமலைத் தோலாகக் கழற்றும்.

தேய்த்தல்

சாதாரண உப்புத்தாள் தண்ணீரில் கரைந்துவிடும். கறுப்பாக இருக்கும் வாட்டர் பேப்பரை வாங்கி, ஒரு சோப்புக்கட்டி அளவு மரத்துண்டில் சுற்றி, சிறிது சோப்புத் தண்ணீரோடு தேய்த்தால் தூள் பறக்காமல் குழம்பாக வரும். அந்தக் குழம்பைக் காய விடாமல் துடைத்தெடுங்கள். தாளின் எண் கூடக் கூட அது நைசாகும். நின்றிருக்கும் பழைய எனாமலுக்கு 180 எண் போதும். எங்கு பார்த்தாலும் மங்கலாக, எந்தக் கோணத்திலும் ஜன்னலின் பிம்பம் தெரியாமல் ஆகும்வரை.

சுரண்டிய இடத்துக்கும் நிற்கிற பெயிண்டுக்கும் நடுவே இருக்கும் கரைதான் பெரும்பாலும் விட்டுப்போவது. 80 எண்ணில் தொடங்கி 120-க்குப் போய், அந்த மேட்டை இரண்டு மூன்று விரல் அகலத்துக்குச் சரிவாக்குங்கள். சரியாகத் தேய்த்த கரையில் பழைய நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று வளையங்களாகத் தெரியும்: பழுப்பு, பச்சை, சாம்பல், ரோஸ் பிரைமர், மரம். வளையங்கள் அகலமாக இருந்தால் சரிவு நன்றாக வந்திருக்கிறது. ஒரே கோடாக நெருங்கியிருந்தால் இன்னும் தேய்க்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவுங்கள். கண்ணுக்குத் தப்பிய மேடு விரலுக்குத் தட்டும். இரவில் டார்ச்சைப் பலகையோடு ஒட்டிப் படுக்கவைத்து அடித்துப் பார்த்தால் ஒவ்வொரு பள்ளமும் நிழல் போடும்.

வெறும் மரம் வந்த இடத்தில் 150-க்கு மேல் போகாதீர்கள். மழமழவென்று இழைத்துவிட்டால் பிரைமருக்குப் பிடி கிடைக்காது. அங்கே சாம்பல் நிறத் தோல் முழுவதும் போய், மரத்தின் சொந்த நிறம் தெரிய வேண்டும். கம்பி பிரஷ் தேக்குப் பக்கமே வரக் கூடாது. உதிரும் இரும்புத் துகள் ஈரத்தில் கறும்புள்ளிகளாக வரும்.

மரத்தின் கோளாறும் ஜன்னல் கம்பியும்

குத்தூசியால் அடிச்சட்டத்தையும் பூட்டுகளையும் குத்திப் பாருங்கள். சுலபமாக உள்ளே இறங்கினால் அங்கே மரம் மக்கியிருக்கிறது. தட்டினால் பொந்துச் சத்தம் வருவது கரையான், மெல்லிய மாவு கொட்டினால் வண்டு உளுத்தது. பூச்சி மருந்தை ஊற்றி, அது காய்ந்த பிறகுதான் மற்ற வேலை. விரல் நுழையும் அளவுக்குப் பெரிய சேதத்தைப் பட்டியால் அடைக்காதீர்கள்; தச்சரிடம் சொல்லிப் பழைய மரத்திலேயே துண்டு வெட்டி ஒட்டுப் போடச் சொல்லுங்கள்.

சட்டத்துக்குள் இறங்கும் இரும்புக் கம்பியின் அடியில் துரு ஏறினால், துரு உப்பி மரத்தையே பிளக்கும். கம்பியை மரம் படாமல் சுரண்டித் தேய்த்து, அன்றே ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, கம்பியும் மரமும் சேரும் இடத்தை மழைநீர் தேங்காதபடி அடையுங்கள்.

பிரைமர் முதலில், பட்டி பிறகு

இந்த வரிசையை மாற்றிச் செய்வதால்தான் பாதிப் பட்டிகள் விழுகின்றன. காய்ந்த மரம் பட்டியில் இருக்கும் எண்ணெயை உறிஞ்சிவிடும். மிச்சம் இருப்பது பிடிப்பில்லாத சாக் பவுடர். முதலில் பிரைமர் போட்டால் மரத்தின் தாகம் அடங்கும்.

வெறும் தேக்கைப் பிரைமர் அடிக்கும் அன்றே தின்னரால் துடையுங்கள். அதன் இயற்கை எண்ணெய் மேலே வந்துகொண்டே இருக்கும். வேங்கை மரமென்றால் ஈரத்தில் கறை விடும்; அரை லிட்டர் ஸ்பிரிட்டில் 100 கிராம் அரக்குச் செதில் கரைத்து ஒரு கோட் கொடுத்துவிட்டுத்தான் பிரைமர். எண்ணெய் வகை மரப் பிரைமரை, வெறும் மரத்தில் படும் முதல் கோட்டுக்கு மட்டும் பத்தில் ஒரு பங்கு டர்பன்டைன் கலந்து இளக்குங்கள். உச்சி, அடி விளிம்புகளுக்கு ஒன்று காய்ந்ததும் இன்னொன்று, அதுவும் காய்ந்ததும் மூன்றாவது. ஏழுக்கு நான்கு அடி இரட்டைக் கதவுக்கு, இரு பக்கமும் நிலையும் சேர்த்து, ஒரு கோட்டுக்கு முக்கால் லிட்டர் எடுத்து வையுங்கள்; வெறும் மரம் நிறைய இருந்தால் கூடக் குடிக்கும். ஒரு முழு நாள் காயட்டும்.

சுவருக்குப் போடும் வெள்ளை சிமென்ட் பட்டி மரத்துக்கு ஆகாது. மரம் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும், சிமென்ட் அசையாது. மரப் பட்டி கடையில் கிடைக்கும். கையால் செய்வதானால் 100 கிராம் சாக் பவுடருக்குக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் 15 முதல் 18 கிராம் விட்டு, சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசையுங்கள். ஒரே தடவையில் பள்ளத்தை நிரப்ப வேண்டாம். இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போட்டால் மேல் காய்ந்து உள்ளே பச்சையாக நிற்கும். எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட்டு, அல்லது தண்ணீரில் முக்கியெடுத்துப் போடுங்கள்.

சட்டத்துக்கும் நடுப்பலகைக்கும் இடையே ஓடும் கோட்டை மட்டும் பட்டியால் அடைக்காதீர்கள். அந்தப் பலகை பள்ளத்துக்குள் ஒட்டப்படாமல் சும்மாதான் நிற்கிறது, பருவத்துக்குப் பருவம் விரிந்து சுருங்க இடம் வேண்டுமென்று. கோட்டை இறுக்கினால் பட்டி வெடிக்கும், சில சமயம் பலகையே பிளக்கும்.

பட்டி இறுகியதும் 180-ல் தேய்த்து, பட்டி போட்ட இடங்களுக்கு மட்டும் மறுபடி பிரைமர் தொடுங்கள். தொடாவிட்டால் எனாமல் அங்கே அமுங்கி மங்கலாகத் தெரியும். கடைசியாக 320-ல் முழுக்க ஒரு மெல்லிய தேய்ப்பு, ஈரத்துணியால் ஒரு துடைப்பு. கீலைப் பூட்டிக் கதவை நிலையில் தொங்கவிட்டு, சுற்றிலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி வருகிறதா என்று பாருங்கள். எங்காவது உரசினால் இப்போதே அந்த விளிம்பை இழைத்துப் பிரைமர் தொடலாம். பிரைமரோடு மாதக்கணக்கில் நிற்க விடாதீர்கள், வெயிலில் அது மாவாகிவிடும். இரண்டு வாரத்துக்குள் முதல் எனாமல் ஏறட்டும்.